எல்.ஐ.சி கட்டிடத்தைப் பற்றி இங்கிலீஷில் இரண்டு நிமிஷம்

வெளிநாட்டு வேலைக்கும் படிப்புக்கும் கேட்கிற ஐஇஎல்டிஎஸ் என்ற இங்கிலீஷ் தேர்வில், பேச்சுத் தேர்வுக்குத் தயாராகிறவர்களிடம் ஒரு கட்டிடத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்று அட்டையை நீட்டினால் பெரும்பாலும் தாஜ்மகாலுக்கு ஓடுகிறார்கள், இல்லாவிட்டால் புர்ஜ் கலீஃபா. ஆக்ராவுக்குப் போனது கிடையாது, துபாயை வாட்ஸ்அப் வீடியோவில் பார்த்ததோடு சரி. ஷாஜகான், மும்தாஜ், வெள்ளைப் பளிங்கு, உலக அதிசயம் என்று நாலு வாக்கியம் வருகிறது, முப்பது நொடி ஓடுகிறது, அப்புறம் பேச்சு நின்றுவிடுகிறது. புர்ஜ் கலீஃபா இன்னும் மோசம். 828 மீட்டர் என்று சொன்னதும் சொல்ல வேண்டியது தீர்ந்துவிடும். மிச்சமிருக்கிற ஒன்றரை நிமிஷத்துக்கு வெரி பியூட்டிஃபுல், வெரி பிக், வெரி ஃபேமஸ் என்று சுற்றிச் சுற்றி வர வேண்டியதுதான்.

என் சித்தி மகள் நர்ஸ். மதுரைப் பெண், இப்போது சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்ய ஐஇஎல்டிஎஸ் வழியாகப் போனால் கேட்பது, படிப்பது, பேசுவது மூன்றிலும் 9-க்கு 7 வேண்டும், எழுதுவதில் 6.5. அவளுக்கு மற்றதெல்லாம் பரவாயில்லை, பேச்சுதான் கலக்கம். நான் இந்தத் தேர்வைக் கடந்து வந்தவன் என்பதால் அவள் டியூட்டி முடித்து வந்ததும் ராத்திரி போனில் பயிற்சி செய்கிறோம். கொஞ்ச நாளாகக் கட்டிடங்கள் சம்பந்தப்பட்ட கேள்விகளைத்தான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோம். இதில் எங்களுக்குப் பிடிபட்ட சில விஷயங்கள் மற்றவர்களுக்கும் உதவும் என்று தோன்றுவதால் எழுதுகிறேன்.

பேச்சுத் தேர்வு எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மொத்தம் 11 முதல் 14 நிமிஷம், மூன்று பகுதி. முதல் பகுதியில் நாலைந்து நிமிஷம் உங்கள் வீடு, வேலை, பழக்கவழக்கம் என்று சின்னச் சின்னக் கேள்விகள். இரண்டாவதில் ஒரு அட்டை தருவார்கள், கூடவே தாளும் பென்சிலும், யோசிக்க ஒரு நிமிஷம், பேச ஒன்றிலிருந்து இரண்டு நிமிஷம். மூன்றாவதில் அந்த அட்டையின் விஷயத்தையொட்டி நாலைந்து நிமிஷம் விவாதம். தங்குதடையின்றிக் கோர்வையாகப் பேசுவது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு, இந்த நாலுக்கும் சம மதிப்பு. நீங்கள் சொல்லும் தகவல் சரியா தவறா என்பதற்கு மார்க் இல்லை. இந்தக் கடைசி விஷயம்தான் பலருக்கு மண்டையில் ஏறுவதில்லை. பொது அறிவுத் தேர்வுக்குப் படிப்பதுபோல கட்டிடத்தின் உயரம், செலவு, கட்டியவர் பெயர் என்று உருப்போடுகிறார்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர் அதையெல்லாம் சரிபார்க்கப் போவதில்லை.

அதனால் நான் அவளுக்கு முதலில் சொன்னது, நீ நடந்து பார்க்காத கட்டிடம் எதுவும் வேண்டாம் என்பதுதான். இரண்டாவதாகச் சொன்னது கொஞ்சம் பேருக்குப் பிடிக்காது: முதல் தடவை அதைத் தமிழில் சொல்லு. இங்கிலீஷிலேயே யோசியுங்கள், தமிழை மறந்துவிடுங்கள் என்று கோச்சிங் வகுப்புகளில் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். நன்றாகப் பேச வந்துவிட்டவர்களுக்கு அது சரி. தட்டுத் தடுமாறுகிறவர்கள் இங்கிலீஷிலேயே யோசிக்கப் போனால் தெரிந்த இருபது சொல்லுக்குள்தான் யோசனையும் சுற்றும். சொல்வதற்கு விஷயம் என்ன இருக்கிறது என்பது முதலில் தெரிய வேண்டும், அது நமக்குத் தாய்மொழியில்தான் தாராளமாக வரும்.

பழைய கட்டிடம் ஒன்றைப் பற்றிய அட்டைக்கு அவள் திருமலை நாயக்கர் மகாலை எடுத்துக்கொண்டாள். இங்கிலீஷில் ஆரம்பித்தபோது, இட் இஸ் எ வெரி ஓல்ட் பேலஸ், இட் இஸ் இன் மதுரை, மெனி டூரிஸ்ட்ஸ் கம், அவ்வளவுதான். சரி, நிறுத்து, அங்கே போனதைத் தமிழில் சொல்லு என்றேன். "அண்ணே, அது அம்புட்டுப் பெரிய தூணுண்ணே. ஸ்கூல்ல கூட்டிட்டுப் போனப்ப நாங்க மூணு பேரு கைகோத்துத்தான் ஒரு தூண சுத்திப் பாத்தோம். அப்பயும் கை எட்டல. அண்ணாந்து பாத்தா கழுத்து வலிக்கும். மேல பூரா புறாண்ணே, ஒண்ணு பறந்தா எல்லாம் படபடன்னு பறக்கும், அந்தச் சத்தம் மண்டபம் பூரா கேக்கும். டீச்சர் கத்துனதுகூட எதிரொலிச்சுச்சு." மூச்சு விடாமல் பேசினாள். நடுவில் முற்றம், மேலே திறந்த வானம், சுற்றிலும் தூண்களை இணைக்கும் வளைவுகள், உள்ளே போனால் சொர்க்க விலாசம் என்ற மண்டபத்தின் குவிமாடம், அதன் அடியில் நின்றால் வெளியே கொளுத்துகிற வெயில் தெரியாது. தூண்களில் எட்டுகிற உயரம் வரைக்கும் யார் யாரோ காதலர்கள் பெயரைக் கிறுக்கி வைத்திருந்தது. அதைப் பார்த்து அவளுக்கு வந்த கோபம்.

இவ்வளவும் அவளிடம் இருந்திருக்கிறது. இதை இங்கிலீஷுக்குக் கொண்டுபோக அபூர்வமான சொல் எதுவும் தேவைப்படவில்லை. மூணு பெண்கள் கைகோத்தும் ஒரு தூணைச் சுற்றி வர முடியவில்லை என்பதை ஆறாம் வகுப்பு இங்கிலீஷிலேயே சொல்லிவிடலாம், கேட்கிறவருக்குத் தூணின் அளவு கண்ணில் நிற்கும். புறாக்கள் பறந்த சத்தம், டீச்சரின் குரல் எதிரொலித்தது, இதெல்லாம் மனப்பாடம் செய்த பதிலில் இருக்கவே இருக்காது என்பது தேர்வாளருக்கும் தெரியும். மனப்பாடப் பதிலைக் கண்டுபிடிக்க அவர்களுக்குப் பயிற்சி உண்டு. அதுவரை தடுமாறிய குரல் திடீரென்று செய்தி வாசிப்பதுபோல ஓட ஆரம்பித்தால் யாருக்குத்தான் புரியாது? ஒரு கோச்சிங் மையத்தில் மொத்த பேட்சுக்கும் ஒரே தாஜ்மகால் பதிலை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்திருந்தார்கள். காசு கட்டிப் படிக்கிற பிள்ளைகளுக்கு இப்படிச் செய்வது எனக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது.

வரலாறு கொஞ்சம் வேண்டும்தான், ஆனால் அதுவும் கதையாக வர வேண்டும். மகால் 1636-இல் கட்டப்பட்டது. சுண்ணாம்புச் சாந்தில் முட்டையின் வெள்ளைக்கருவைக் கலந்து பூசி மெருகேற்றியிருக்கிறார்கள், தூண்களுக்கு அந்த வழவழப்பு அதனால்தான் என்பது மதுரையில் சின்னப் பிள்ளைகளும் சொல்லும் சேதி. இன்றைக்கு நாம் பார்ப்பது முழு அரண்மனை கிடையாது, முன்னே இருந்ததில் ஒரு பகுதிதான். திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது பல பகுதிகளைப் பிரித்துக்கொண்டு போனார். பிற்பாடு 1866-இலிருந்து 1872 வரை சென்னை மாகாண கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு மிச்சமிருந்ததைப் பழுதுபார்க்க ஏற்பாடு செய்தார். இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் அவளுக்குப் பத்துத்தூண் சந்து ஞாபகத்துக்கு வந்தது. விளக்குத்தூணுக்குப் பக்கத்தில், ஜவுளிக்கடைகளுக்கு நடுவில், எந்தக் கூரையையும் தாங்காமல் வரிசையாக நிற்கிற அந்தப் பத்துத் தூணும் அதே அரண்மனையின் மிச்சம்தான். தீபாவளிக்கு அம்மாவோடு துணி எடுக்கப் போன ஒவ்வொரு வருஷமும் அதைத் தாண்டித்தான் போயிருக்கிறாள். ஒரு அரண்மனை எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும் என்று சொல்ல இதைவிட நல்ல சான்று கிடைக்காது. மகாலிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் அதன் தூண்கள் ஜவுளிக்கடைகளுக்கு நடுவே நிற்கின்றன என்று இங்கிலீஷில் சொல்லிப் பாருங்கள், கேட்கிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

அந்த ஒரு நிமிஷத்தில் என்ன எழுதுவது என்பதற்கு வருகிறேன். நிறையப் பேர் முழு வாக்கியம் எழுத ஆரம்பித்து இரண்டாவது வரியில் நேரம் முடிந்துவிடுகிறது. அவள் தாளில் எழுதுவது இவ்வளவுதான்: ஸ்கூல் ட்ரிப், பில்லர், த்ரீ கேர்ள்ஸ், பிஜன்ஸ், எக் வைட், கிராண்ட்சன், டென் பில்லர்ஸ், நேம்ஸ் ஆன் வால். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வாக்கியம் அவளிடம் இருக்கிறது. அந்தத் தாளை யாரும் மதிப்பிடப் போவதில்லை, எழுத்துப்பிழையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். இரண்டு நிமிஷம் ஆனதும் தேர்வாளர் நிறுத்திவிடுவார், பாதி வாக்கியத்தில் நிறுத்தினாலும் அதற்காக மார்க் குறையாது. அட்டையில் இருக்கிற கேள்விகளை வரிசையாகத் தொட்டுக்கொண்டே போகலாம், ஆனால் கடைசியில் வருகிற ஏன் பிடிக்கும் என்பதற்குத்தான் அதிக நேரம் வைத்திருக்க வேண்டும். எங்கே இருக்கிறது என்பதற்கு அரை நிமிஷம் செலவழித்துவிட்டு ஏன் என்பதற்கு ஒரே வாக்கியத்தில் முடிக்கிறவர்கள்தான் அதிகம்.

உயரமான கட்டிடம் ஒன்றைப் பற்றிச் சொல்லுங்கள், பிடித்ததாகவும் இருக்கலாம் பிடிக்காததாகவும் இருக்கலாம், இப்படி ஒரு அட்டை பயிற்சிகளில் அடிக்கடி வரும். சென்னையில் இருப்பவர்களுக்கு இதற்கு எல்.ஐ.சி-யை விட்டால் வேறு என்ன? இன்றைக்கு அதைவிட உயரமானது ஊரெல்லாம் இருக்கிறது, ஆனால் இவ்வளவு கதை வேறு எதற்கும் கிடையாது. அவளுடைய ஓய்வு நாளில் எல்.ஐ.சி மெட்ரோவில் இறங்கி, அண்ணா சாலையின் எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று, கண்ணால் பார்த்துக்கொண்டே சொல்லிப் பழகினோம். போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு, கீழிருந்து மேலே பார்த்துக்கொண்டு போ என்றேன். வாசல், முன்னால் நிறுத்தியிருக்கும் வண்டிகள், மாடிக்கு மாடி வரிசை மாறாத ஜன்னல்கள், அலங்காரமே இல்லாத நேர்க்கோட்டு முகப்பு, உச்சியில் எல்.ஐ.சி எழுத்து. பின்னணியில் பஸ் ஹாரன் சத்தத்தோடு பதிவான அந்த ஒலிப்பதிவில் அவள் நிறுத்தாமல் பேசியிருக்கிறாள், ஏனென்றால் அடுத்து என்ன சொல்வது என்று தேட வேண்டியதே இல்லை, கண் நகர்ந்தால் போதும். வீட்டுக்கு வந்து கண்ணை மூடிக்கொண்டு அதே வரிசையில் சொன்னபோதும் வந்தது.

எல்.ஐ.சி-யின் கதை இதுதான். இதை ஆரம்பித்தது எல்.ஐ.சி கிடையாது. எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் தம்முடைய யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் கம்பெனிக்காக 1950-களின் தொடக்கத்தில் வேலையைத் தொடங்கினார். 1954-இல் விமான விபத்தில் அவர் இறந்துபோனார். 1956-இல் ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிகள் அரசுடைமை ஆனபோது பாதியில் நின்ற கட்டிடமும் எல்.ஐ.சி கைக்கு வந்தது. 1959-இல் திறந்தார்கள். 177 அடி, அதாவது 54 மீட்டர், அப்போது இந்தியாவிலேயே உயரமான கட்டிடம் என்று பெயர். ஊரிலிருந்து மெட்ராஸுக்கு வந்தவர்கள் மெரினாவைப் பார்ப்பதுபோல இதையும் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார்கள். பழைய சினிமாவில் கதாநாயகன் பட்டணத்துக்கு வந்துவிட்டான் என்று காட்ட சென்ட்ரல் ஸ்டேஷனையும் எல்.ஐ.சி-யையும் காட்டினால் போதுமாக இருந்தது. 1975-இல் பெரிய தீ விபத்து, அதற்கப்புறம் சீர்செய்து இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. சிலர் பதினாலு மாடி என்பார்கள், சிலர் பதினைந்து என்பார்கள். தேர்வில் அரவுண்ட் ஃபிஃப்டீன் ஸ்டோரீஸ் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். வருஷம் மறந்துவிட்டால் சம்டைம் இன் த லேட் ஃபிஃப்டீஸ் போதும். சரியாகத் தெரியாததை இயல்பாகச் சொல்லத் தெரிவதும் நல்ல மொழித்திறன்தான், வருஷத்தை ஞாபகப்படுத்த ஐந்து நொடி மேலே பார்த்துக்கொண்டு நிற்பதைவிட எவ்வளவோ மேல்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. கட்டிடம் என்ற விஷயத்தை எடுத்தால் இலக்கணம் தானாகவே பலவிதமாக வந்துவிடும். கட்டினார்கள் என்பது இறந்தகாலம், அதுவும் யார் கட்டினார் என்று சொல்லாமல் வாஸ் பில்ட், வாஸ் டிசைன்ட் என்று செயப்பாட்டு வினை. இப்போது எதற்குப் பயன்படுகிறது என்றால் நிகழ்காலம். முன்னே அப்படி இருந்தது இப்போது இப்படி ஆகிவிட்டது என்றால் யூஸ்டு டு, ஹேஸ் பின் கன்வர்ட்டட். இதை இடித்துவிட்டால் வருத்தப்படுவேன் என்றால் இஃப் தே புல்ட் இட் டவுன், ஐ வுட் பி சேட். பிடித்த உணவு, பிடித்த நண்பர் என்ற அட்டைகளில் இவ்வளவு வகையைக் கொண்டுவர மெனக்கெட வேண்டும், கட்டிடத்தில் கதையைச் சொன்னாலே வந்துவிடுகிறது. இலக்கணத்துக்கு மார்க் போடும்போது பிழையின்மையோடு சேர்த்து எத்தனை வகையான வாக்கிய அமைப்பு வருகிறது என்றும் பார்க்கிறார்கள் என்பதால் இது பெரிய லாபம்.

நம் ஆட்களுக்கு வழக்கமாகச் சறுக்குகிற இடங்கள் கட்டிடப் பேச்சில் கூடுதலாகவே வரும். அறுபது வருஷத்துக்கு முன்னாடி என்பதை அப்படியே பிஃபோர் சிக்ஸ்டி இயர்ஸ் என்று சொல்லிவிடுகிறோம், சிக்ஸ்டி இயர்ஸ் அகோ என்று வர வேண்டும். இட் இஸ் ஹேவிங் ஃபிஃப்டீன் ஃப்ளோர்ஸ் என்கிறோம், இட் ஹேஸ் போதும். கட்டிடத்தின் பின்பக்கம் என்று சொல்ல பேக்சைடு என்ற சொல்லைத் தவிர்த்தே ஆக வேண்டும், வெள்ளைக்காரர் காதில் அது உட்காரும் இடத்தைக் குறிக்கும், பிஹைண்ட் த பில்டிங் என்று பழகிக்கொள்ளுங்கள். அப்புறம் அந்த ஏ, த. நம் மொழியில் இல்லாத சமாச்சாரம் என்பதால் வேகமாகப் பேசும்போது உதிர்ந்துவிடுகிறது. முதல் தடவை சொல்லும்போது எ டால் பில்டிங், அதற்கப்புறம் எப்போதும் த பில்டிங் என்கிற ஒரு பழக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டாலே பாதிப் பிரச்சினை குறைகிறது.

உச்சரிப்பில் வெள்ளைக்காரர் மாதிரிப் பேச வேண்டியதில்லை, தமிழ்ச் சாயல் இருந்தால் மார்க் குறையாது, சொல் தெளிவாகப் புரிந்தால் சரி. ஆனால் சொல்லின் கடைசியில் ஒரு உகரத்தை ஒட்டிக்கொள்வதை விட வேண்டும். பில்டிங்கு, கிளாஸு, ஸ்ட்ரீட்டு. அதேபோல முன்னால் சேர்த்துக்கொள்கிற வகரமும் யகரமும்: ஓல்டு என்பது வோல்டு ஆகிறது, எலிவேட்டர் யெலிவேட்டர் ஆகிறது. ஆர்க்கிடெக்ட் என்பதைப் பல பேர் நடுவில் சகரம் போட்டு ஆர்ச்சிடெக்ட் என்கிறார்கள். தூணுக்கான காலம் (column) என்ற சொல்லில் கடைசி n ஒலிக்காது, கல்லறைக்கான டூம் (tomb) என்ற சொல்லில் கடைசி b ஒலிக்காது, குவிமாடத்துக்கான டோம் (dome) வேறு. டூம், டோம் இந்த இரண்டையும் மாற்றிச் சொன்னால் அர்த்தமே மாறிவிடும், மகாலைக் கல்லறை ஆக்கிவிடுவோம். அவளுக்கு இதில் டோமும் டூமும்தான் பாடாய்ப் படுத்தின. ஆஸ்பத்திரி வராந்தாவில் நடக்கும்போதெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே போய்ப் பழகினாள்.

முதல் பகுதிக்கு நீளமாகத் தயாராக வேண்டியதில்லை. நீங்கள் இருப்பது தனி வீடா ஃபிளாட்டா, வீட்டுக்குப் பக்கத்தில் உயரமான கட்டிடம் உண்டா, கட்டிடங்களைப் படம் எடுப்பீர்களா, இப்படிக் கேட்பார்கள். இரண்டு மூன்று வாக்கியத்தில் பதில், ஒரு காரணம், போதும். ஆம், இல்லை என்று ஒற்றைச் சொல்லில் நிறுத்தாமல் இருந்தால் சரி.

மூன்றாம் பகுதிதான் 6-க்கும் 7-க்கும் நடுவில் ஆளைப் பிரிக்கிறது என்பது என் அபிப்பிராயம். பழைய கட்டிடங்களை அரசு காப்பாற்ற வேண்டுமா, அந்தப் பணத்தில் ஆஸ்பத்திரி கட்டலாமே? ஏன் எல்லா ஊரிலும் புதுக் கட்டிடங்கள் ஒரே மாதிரி இருக்கின்றன? உயரமான கட்டிடங்களில் வாழ்வது பாதுகாப்பானதா? இங்கே பொதுப்படையாக அட்வான்டேஜஸ், டிஸ்அட்வான்டேஜஸ் என்று பட்டியல் போட ஆரம்பித்தால் குரலில் உயிர் போய்விடும். நான் அவளிடம் கேட்பது, உனக்குத் தெரிந்த ஒரு நிஜ உதாரணத்தை முதலில் பிடி, கருத்து அதிலிருந்து வரட்டும். பாதுகாப்பு என்றால் சென்னைப் பக்கத்து மௌலிவாக்கம். 2014 ஜூன் 28 அன்று கட்டிக்கொண்டிருந்த பதினோரு மாடிக் கட்டிடம் மழையில் அப்படியே உட்கார்ந்து 61 பேர் செத்துப்போனார்கள், பக்கத்தில் இருந்த இன்னொரு கட்டிடத்தை 2016-இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். இதைச் சொல்லிவிட்டு, உயரம் பிரச்சினை இல்லை, மேற்பார்வைதான் பிரச்சினை என்று அவள் முடிக்கும்போது அது படித்து ஒப்பிக்கிற குரலாக இல்லை, நிஜமாகவே நம்பிச் சொல்கிற குரலாக இருக்கிறது.

பழைய கட்டிடம் போனால் என்ன போகிறது என்பதற்கு மூர் மார்க்கெட். 1900-இல் திறந்தது, பழைய புத்தகத்திலிருந்து எல்லாமும் கிடைத்த இடம், 1985-இல் தீயில் போய்விட்டது. அந்த இடத்தில் இப்போது சென்ட்ரலின் புறநகர் ரயில் நிலையம் நிற்கிறது, மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ் என்ற பெயர் மட்டும் மிச்சம். தினமும் அங்கே இறங்கி ஏறுகிற எத்தனையோ பேருக்கு அந்தப் பெயர் எதனால் வந்தது என்றே தெரியாது.

ஒரு கட்டிடத்தை வேறு வேலைக்கு மாற்றலாமா என்று கேட்டால் ஓமந்தூரார் தோட்டம் இருக்கவே இருக்கிறது. சட்டமன்றம், தலைமைச் செயலகம் என்று 2010-இல் திறந்த வளாகம், 2014-இல் பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனை ஆனது. எல்.ஐ.சி-க்கு அடுத்த மெட்ரோ ஸ்டேஷன்தான். இது நர்ஸான அவளுக்குக் கையில் இருக்கிற விஷயம். அலுவலகத்துக்கு என்று கட்டிய இடத்தில் ஆபரேஷன் தியேட்டர் வைக்க என்னென்ன வேண்டியிருக்கும், ஆக்ஸிஜன் குழாய், ஸ்ட்ரெச்சர் நுழைகிற லிஃப்ட், ஸ்ட்ரெச்சர் திரும்புகிற அளவுக்கு வராந்தா, தொற்று பரவாமல் காற்று போக வழி, இதை அவள் விடாமல் பேசுவாள், தொழில்ரீதியான சொற்களும் சரளமாக வந்து விழும். சொல்வளம் என்று தனியாகப் படிக்க வேண்டியதே இல்லை. இதில் அரசியல் பேச வேண்டாம் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். தப்பு ஒன்றும் இல்லை, ஆனால் பின்னணி தெரியாத தேர்வாளருக்கு விளக்கிக்கொண்டிருந்தால் நாலு நிமிஷம் அதிலேயே போய்விடும்.

தெரியாத கேள்வி வந்தால்? இந்தப் பகுதியில் கேள்வி புரியவில்லை என்று கேட்கலாம், வேறு விதமாகக் கேட்பார்கள். நான் இதைப் பற்றி யோசித்ததில்லை, ஆனால் எனக்குத் தோன்றுவது இது என்று ஆரம்பித்து, தெரிந்த கட்டிடம் ஒன்றைக் கையில் எடுத்தால் போதும்.

இந்த வாரம் பிடிக்காத கட்டிடம் என்ற அட்டையில் இருக்கிறோம். பிடிக்காததைப் பற்றிப் பேசினால் மார்க் குறையுமோ என்று அவளுக்கு ஒரு தயக்கம் இருந்தது, அப்படியெல்லாம் எதுவும் இல்லை, அட்டையே லைக் ஆர் டிஸ்லைக் என்றுதான் கேட்கிறது. பழைய மகாபலிபுரம் சாலையில் வரிசையாக நிற்கிற கண்ணாடிக் கட்டிடங்களை எடுத்துக்கொண்டாள். சென்னை வெயிலுக்கு நாலு பக்கமும் கண்ணாடி போட்டு, உள்ளே வெக்கை தாங்காமல் பகல் முழுக்க ஏசி ஓட விட்டு, கண் கூசுகிறது என்று திரைச்சீலையை இறக்கிவிட்டு, இருட்டாகிவிட்டது என்று டியூப்லைட்டும் போட்டுக்கொள்கிறார்கள், அப்புறம் கண்ணாடி எதற்கு என்று கேட்கிறாள். மகாலின் குவிமாடத்துக்கு அடியில் மின்விசிறியே இல்லாமல் குளிர்ச்சியாக இருந்ததே என்று அங்கிருந்து தாவி, இரண்டு கட்டிடத்தையும் ஒப்பிட்டு, வேரஸ், அன்லைக், நாட் நியர்லி ஆஸ் கூல் ஆஸ் என்று ஒப்பீட்டுச் சொற்களாகப் போட்டுத் தாக்கினாள். ஒரு நிமிஷம் ஐம்பது நொடி. ஏசி ஓட விட்டு என்ற இடத்தில் மட்டும் இன்னும் கரன்ட் பில் என்று வருகிறது, அதை எலக்ட்ரிசிட்டி பில் என்று மாற்ற வேண்டும். அப்புறம் ஃபசாட் என்ற சொல்லைச் சேர்க்கலாமா என்று கேட்டாள். வாயில் தடுக்காமல் வந்தால் சேர், இல்லாவிட்டால் த ஃப்ரன்ட் ஆஃப் த பில்டிங் தாராளமாகப் போதும் என்று சொல்லியிருக்கிறேன்.